கழுநீர்த் தொட்டியும் கறவைப் பசுவும்

(பொம்மிடியில் கறவை மாடு வளர்ப்போரிடையே வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



மாட்டின் நோயைப் பற்றிப் பேசக் கால்நடை மருத்துவர் இருக்கும்போது, வட்டார வளர்ச்சி அலுவலகத்தார் ஏன் வந்தீர்கள் என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நோய் வந்த பின்னர் செய்ய வேண்டியதை மருத்துவர் அறிவார். அதில் நாங்கள் தலையிடமாட்டோம். ஆயினும், இன்று பேச எடுத்துக்கொண்ட நோய்கள் கழுநீர்த் தொட்டியில் தொடங்குகின்றன. கல்யாணப் பந்தியின் பின்புறத்தில் தொடங்குகின்றன. மாட்டுப் பொங்கலன்று நாம் அன்போடு ஊட்டும் சோற்றுருண்டையில் தொடங்குகின்றன. வீட்டு வழக்கமும் ஊர் வழக்கமும் சேர்ந்து உண்டாக்கும் நோய்களாதலின், அவற்றை வீட்டாரும் ஊராரும் கூடித்தான் தடுத்தல் இயலும்.

சேர்வராயன் மலையடியில் உள்ள இந்தப் பொம்மிடிப் பகுதியில் மழையை நம்பிய நிலம் மிகுதி. மரவள்ளியோ, கரும்போ, சோளமோ எதைப் பயிரிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் கையில் பணம் வரும். நாள்தோறும் கறந்து ஊற்றிக் கணக்குப் பார்த்துப் பணம் வாங்கக்கூடியது பால் ஒன்றே. இரண்டு கலப்பினப் பசுக்கள் உள்ள குடும்பத்தில் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் மளிகைக் கடைப் பாக்கியும் அப்பசுக்களின் மடியிலிருந்தே தீர்கின்றன. மாலையில் நன்றாகத் தின்ற பசு மறுநாள் காலையில் எழாமற்போனால், அந்தக் குடும்பத்தின் வருவாய் நின்றுவிடுகிறது. பசு வாங்கிய கடன் மட்டும் நிற்பதில்லை. இதனை மனத்திற் கொண்டுதான் மேலே பேசப் போகிறோம்.

முதலில் ஒரு கேள்வி. நாம் இடும் வைக்கோலைப் பசுவா தின்கிறது? வாயால் மெல்லுவது பசுதான், ஐயமில்லை. ஆனால் வைக்கோலிலும் தட்டிலும் உள்ள நார்ப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் பசுவின் உடலுக்கு இல்லை. நமக்கு எப்படி இல்லையோ, அப்படியே பசுவுக்கும் இல்லை. அதைச் செய்பவை பசுவின் பெருவயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள். பசுவின் வயிறு நான்கு அறைகளாக அமைந்திருப்பதை அறிவீர்கள். அவற்றுள் முதன்மையானதும் இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக் கிடப்பதுமான அறையையே பெருவயிறு என்கிறோம். பெரிய உடற்கட்டுள்ள பசுவில் அது நூறு லிட்டருக்கு மேலும் கொள்ளும். காற்று நுழையாத, உடற்சூடு மாறாத, எப்பொழுதும் மெல்லக் கலக்கப்பட்டுக்கொண்டேயிருக்கும் ஒரு பெருந்தாழி அது. தாய்மார்களுக்கு இட்லி மாவு புளிக்கும் பானையை எண்ணிப் பார்த்தால் எளிதில் விளங்கும். மாவைப் பொங்க வைப்பவையும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே. பெருவயிற்றில் உள்ள நீர்மத்தில் ஒரு மில்லி லிட்டரை எடுத்து எண்ணினால் ஏறத்தாழ ஆயிரம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றோடு, அவற்றினும் பெரிய ஓரணு உயிர்கள் இலட்சக் கணக்கில் நீந்தும். பூஞ்சைகளும் உண்டு.

இவ்வுயிர்கள் நாரைச் சிதைத்துத் தமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சமாகச் சில அமிலங்களை வெளிவிடுகின்றன. அந்த அமிலங்களே பெருவயிற்றின் சுவர் வழியாக இரத்தத்தில் கலந்து பசுவுக்கு உணவாகின்றன. பசுவின் உடலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இவ்வழியில் வருவதே. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாக மாறுகிறது. புரோப்பியானிக் அமிலம் என்ற மற்றொன்று ஈரலுக்குச் சென்று சர்க்கரையாகி, அதிலிருந்து பாலின் இனிப்பு உண்டாகிறது. மேலும், இந்த நுண்ணுயிர்களே பெருகி, பின்னர் அடுத்த அறைகளுக்குத் தள்ளப்பட்டுச் செரிக்கப்பட்டுப் பசுவுக்குப் புரதமும் ஆகின்றன. ஆக, நாம் தீனி இடுவது நுண்ணுயிர்களுக்கு. அவை வாழ்ந்தால் அந்த வாழ்வின் பயனைப் பசு உண்ணும். தீனியைப் பற்றிய எல்லாக் கணக்கும் இந்த ஒரு செய்தியிலிருந்தே தொடங்கவேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியன்று. 1843-ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டில் குரூபி, டெலஃபோன் என்னும் இருவர் அசைபோடும் விலங்குகளின் வயிற்றில் நீந்தும் ஓரணு உயிர்களைக் கண்டு எழுதினர். காற்றுப் பட்டால் மடிந்துவிடும் பாக்டீரியாக்களைக் காற்றுப் படாமல் வளர்த்து ஆராயும் முறையை வகுத்தவர் அமெரிக்க நாட்டின் இராபர்ட் ஹங்கேட். அவர் 1966-இல் வெளியிட்ட நூலே இத்துறைக்கு அடிப்படை நூலாக விளங்குகிறது. அதற்கும் முன்னர், 1952-இல், அவரும் உடன் பணியாற்றியோரும் செம்மறியாடுகளில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். பழக்கமில்லாத ஆட்டுக்குத் திடீரென்று மிகுதியாகத் தானியமும் சர்க்கரையும் கிடைத்தால் வயிற்றினுள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தார்கள். அவர்கள் கண்டதைத்தான் நம் ஊர்களில் ஒவ்வொரு தை மாதமும் காண்கிறோம்.

நடப்பது இதுதான். வைக்கோலும் புல்லும் தின்று பழகிய பசுவின் வயிற்றில் நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் மிகுந்திருக்கும். அவை நிதானமானவை, மெல்ல வேலை செய்பவை. அந்த வயிற்றுக்குள் திடீரென ஒரு குண்டான் சோறோ, பொங்கலோ, கஞ்சியோ, அரைத்த மாவோ வந்து விழுந்தால், மாவுப்பொருளைத் தின்னும் வேறு வகைப் பாக்டீரியாக்களுக்கு விருந்து கிடைத்ததாகிறது. அவற்றின் இனப்பெருக்கம் மிக விரைவானது; சில மணி நேரத்திற்குள் ஒன்று பலவாய்ப் பல்கிப் பெருகிவிடும். அவை வெளிவிடுவது தயிர் புளிக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம். இதனையும் உண்டு தீர்க்கும் நல்ல பாக்டீரியாக்கள் சில உண்டு. ஆயினும் அவை பெருகுவதற்கு நாட்கள் வேண்டும். திடீர் விருந்தில் அந்த அவகாசம் ஏது? புளிப்பு ஏறுகிறது. நார் தின்னும் பாக்டீரியாக்கள் புளிப்பைத் தாங்காமல் மடிகின்றன. ஓரணு உயிர்களும் மடிகின்றன. புளிப்பை மட்டும் தாங்கும் சில இனங்கள் எஞ்சி நின்று மேலும் புளிப்பை உண்டாக்குகின்றன. வயிறு அசைவதை நிறுத்திவிடுகிறது.

அதன்பின் நிகழ்வது இன்னும் கொடிது. புளித்துச் செறிந்துபோன அந்த நீர்மம் பசுவின் இரத்தத்திலிருந்து நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. வயிறு நீரால் தளும்ப, உடலோ வறண்டுபோகிறது, கண் குழிவிழுகிறது. புளித்த நாற்றத்தோடு கழிச்சல் காண்கிறது. அமிலம் இரத்தத்திற் கலக்கிறது. பசு தள்ளாடிப் படுத்துவிடுகிறது. தக்க சிகிச்சை இல்லாவிடில் ஓரிரு நாட்களில் இறந்தும்போகலாம். பிழைத்தாலும், வெந்துபோன வயிற்றுச் சுவரின் வழியே கிருமிகள் நுழைந்து ஈரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்கும். குளம்பில் அழற்சி கண்டு மாதக்கணக்கில் நொண்டும் பசுக்களும் உண்டு. கால்நடை மருத்துவர்கள் இதனை அமில நோய் என்று கூறுவர்.

பச்சையரிசியைக் காட்டிலும் வேகவைத்த சோறு கேடு மிகுந்தது என்பதையும் சொல்லவேண்டும். முழுத் தானியத்தைவிட நொறுக்கியதும், நொறுக்கியதைவிட மாவாக அரைத்ததும், அதனினும் குழைய வேகவைத்ததும் பாக்டீரியாக்களுக்கு எளிதில் அகப்படும். அன்பு மிகுதியால் நாம் குழைத்துக் கொடுக்கும் பொங்கலே இவற்றுள் மிக விரைவாகப் புளிப்பது. வெல்லமும் வாழைப்பழமும் அதனோடு சேரும்போது கேட்க வேண்டியதில்லை.

இது ஏதோ அறியாத சிற்றூர்களில் மட்டும் நிகழ்வது என்று எண்ணவேண்டா. 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேரள மாநிலம் கொல்லம் மாவட்டத்தில், வெளிநல்லூர்ப் பகுதியில் இருந்த ஒரு பால் பண்ணையில் ஐந்து பசுக்கள் மடிந்தன. தீனியோடு பரோட்டாவும் பலாப்பழமும் அளவு மீறி அவற்றுக்கு இடப்பட்டிருந்தன. மேலும் சில பசுக்கள் நோயுற்றன. உடலை அறுத்துச் சோதித்த மருத்துவர்கள் கண்ட காரணம் இதே அமில நோய்தான். செய்தித்தாள்களில் அது வியப்புச் செய்தியாக வந்தது. மைதா மாவுக்கும் பொங்கல் சோற்றுக்கும் பெருவயிற்றில் பெரிய வேறுபாடு இல்லை என்பதை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை.

நம் முன்னோரும் மாட்டுக்குப் பொங்கல் ஊட்டினார்களே, அப்பொழுது மாடுகள் சாகவில்லையே என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. நம் மாவட்டத்துக்கு உரிய ஆலம்பாடி மாடு உழைப்புக்கு ஏற்றது. காட்டிலும் மேட்டிலும் மேய்ந்து, கிடைத்த முரட்டுத் தீனியைத் தின்று, உழைத்து வாழ்ந்தது. காரிமங்கலத்தில் இயங்கும் ஆராய்ச்சி மையம் இன்று அந்த இனத்தைப் பேணி வருகிறது. அந்நாளில் மாட்டுக்கு ஊட்டியதும் சடங்குக்கு ஒரு கவளம். வீட்டில் மனிதர்களுக்கே நெல்லுச்சோறு விசேஷ நாளில்தான். கேழ்வரகும் சாமையும் உண்ட குடும்பத்தில் மாட்டுக்குக் குண்டான் நிறையச் சோறு எங்கிருந்து வரும்? இன்றோ அரிசி தாராளமாகக் கிடைக்கிறது. வீட்டில் சமைக்காத நியாயவிலைக் கடை அரிசியை மாட்டுக்கு வேகவைத்து ஊற்றும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது முறைதானா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மாட்டுக்கு நல்லதன்று என்பதை மட்டும் இன்று கூறுகிறோம்.

ஓர் இரவில் மாட்டைச் சாய்க்கும் நோயை யாவரும் அறிவர். அறியாமல் இருப்பது, நாள்தோறும் சிறிது சிறிதாக நடக்கும் அமிலக் கேடு. வைக்கோல் குறைந்து, தவிடும் மாவும் கஞ்சியும் மிகுந்த தொழுவங்களில் இது காணப்படும். பசு படுத்துவிடாது. தீனியை இன்று நன்றாகத் தின்னும். நாளை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றுவிடும். சாணம் ஒருநாள் இளகியும் ஒருநாள் கெட்டியாகவும் விழும். அதில் நுரையும் செரிக்காத தானியமும் தென்படும். படுத்திருக்கும்போது அசைபோடுவது குறையும். அசைபோடும்போது உமிழ்நீர் மிகுதியாக ஊறுகிறது. நல்ல நார்த்தீனி தின்னும் பெரிய பசு ஒரு நாளில் நூறு லிட்டருக்கும் மேற்பட்ட உமிழ்நீரை விழுங்குகிறது. அந்த உமிழ்நீரில் சோடா உப்பு இயற்கையாகவே கலந்திருக்கிறது. பெருவயிற்றின் புளிப்பை ஆற்றும் மருந்து அதுவே. நார் குறைந்தால் அசை குறையும். அசை குறைந்தால் உமிழ்நீர் குறையும். உமிழ்நீர் குறைந்தால் புளிப்பு ஏறும்.

இதனைக் கண்டுகொள்ளச் சங்கத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. பாலுக்கு விலை போடுவது கொழுப்பையும் இதரச் சத்தையும் பார்த்துத்தான். வைக்கோலைக் குறைத்து மாவைக் கூட்டினால், லிட்டர் சற்று உயரும்; ஆனால் பாலின் கொழுப்பாக மாறும் அசெட்டிக் அமிலத்தைத் தரும் பாக்டீரியாக்கள் வாடுவதால் கொழுப்பு இறங்கிவிடும். கொழுப்பு இறங்கியபோதெல்லாம் அளவுக் கருவியின் மேல் பழி போடுவது நம்மிடையே வழக்கம். கருவியைச் சோதிக்கக் கேட்பது உங்கள் உரிமை, கேளுங்கள். அன்றைக்கே தொழுவத்துக்குப் போய், பசுக்கள் படுத்த நேரத்தில் அசைபோடுகின்றனவா என்றும் பாருங்கள். தீனி தின்று ஓய்வாகப் படுத்திருக்கும் பசுக்களில் பாதிக்கு மேற்பட்டவை அசைபோட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அப்படியானால் மாவையும் அடர்தீவனத்தையும் நிறுத்திவிட்டு வெறும் வைக்கோலைப் போடலாமா? இங்கேதான் கறவைப் பசு வளர்ப்பின் சங்கடம் இருக்கிறது. கன்று ஈன்ற புதிதில், நாளுக்குப் பதினைந்து லிட்டர் கறக்கும் பசுவுக்குப் பால் முந்திக்கொண்டு வருகிறது. பசி பிந்தி வருகிறது. ஒரு லிட்டர் பாலை உண்டாக்க ஏறத்தாழ 70 கிராம் சர்க்கரை பசுவின் இரத்தத்திலிருந்து மடிக்குப் போக வேண்டும். பதினைந்து லிட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேலாகிறது. அவ்வளவு தீனி உள்ளே போகாவிடில், பசு தன் உடற்கொழுப்பைக் கரைத்துப் பாலாக்கும். கொழுப்பு அளவின்றிக் கரையும்போது ஈரல் அதனை முழுதும் எரிக்க மாட்டாமல் கீட்டோன் என்னும் பொருள்களாக இரத்தத்தில் விட்டுவிடுகிறது. பசு அடர்தீவனத்தை வெறுத்து வைக்கோலை மட்டும் கொறிக்கும், பால் குறையும், உடல் இளைக்கும், மூச்சிலும் பாலிலும் பழம் அழுகியது போன்ற ஒரு வாடை வீசும். இதனைக் கீட்டோசிஸ் என்பர். ஈன்ற பின் முதல் இரண்டு மாதங்களில் இது வரும்.

இளைத்த பசுவுக்கு வெல்லத்தைக் கரைத்து ஊற்றினால் தெம்பு வரும் என்று பலர் நம்புகின்றனர். நாம் வெல்லம் தின்றால் அதன் இனிப்பு நம் இரத்தத்தில் சேரும். பசுவுக்கு அவ்வாறன்று. பெருவயிற்றிலுள்ள பாக்டீரியாக்கள் அதனை முதலில் தின்று அமிலமாக்கிவிடும். இனிப்பாக ஏதும் குடலுக்கு வந்து சேர்வது அரிது. பசுவின் இரத்தத்துச் சர்க்கரை, முன்னே நாம் கூறிய புரோப்பியானிக் அமிலத்திலிருந்து ஈரலில் உண்டாக வேண்டியது. ஆதலால்தான் மருத்துவர் சர்க்கரை நீரை இரத்தக் குழாயில் ஏற்றுகிறார். கிலோக் கணக்கில் வெல்லம் ஊற்றினால் கீட்டோசிஸ் தீராது. அதனோடு அமில நோயும் சேரும்.

ஒரு பக்கம் பட்டினி நோய், மறு பக்கம் புளிப்பு நோய். இரண்டுக்கும் நடுவே பசுவை நடத்திச் செல்ல வேண்டும். அதற்குரிய வழி, நுண்ணுயிர்களுக்கு முன்கூட்டியே அறிவித்துவிட்டுத் தீனியை மாற்றுவதுதான். எந்தப் புதுத் தீனிக்கும் அவை தம் கூட்டத்தை மாற்றியமைத்துக்கொள்ள இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். ஈனுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போதே, ஈன்றபின் கொடுக்கவிருக்கும் அதே அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாகத் தொடங்கி, ஈனும்போது இரண்டு கிலோ அளவுக்குக் கொண்டுவரலாம். ஈன்ற பின்னர் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரைக் கிலோவாகக் கூட்டலாம். கணக்கு எளியது. பசுவின் உடலைப் பேண ஒன்றரை முதல் இரண்டு கிலோ. அதற்கு மேல் ஒவ்வோர் இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பத்து லிட்டர் கறக்கும் பசுவுக்கு ஏறத்தாழ ஆறு கிலோ வருகிறது. இந்த ஆறு கிலோவைக் காலையில் ஒரே வேளையில் கரைத்து ஊற்றிவிட்டு, நாங்கள் கணக்குப்படிதான் கொடுத்தோம் என்று கூறுவதில் பயனில்லை. மூன்று வேளையாகப் பிரித்து, வைக்கோலோ புல்லோ தின்றபின் கொடுக்கவேண்டும். வெறும் வயிற்றில் மாவு விழுவது கூடாது.

ஈன்ற பசு படுத்துவிட்டால் பால் சுரம் என்று சொல்கிறோமே, அது சுண்ணாம்புச் சத்து இரத்தத்தில் குறைவதால் வருவது. அது வேறு நோய். மருத்துவர் ஊசியின் மூலம் விரைவில் தெளிவிப்பார். அதனை இன்று விரித்துப் பேசவில்லை.

இனி நம் பகுதித் தீனிகளுக்கு வருவோம். மரவள்ளி அறுவடைக் காலத்தில் கிழங்கும் தோலும் இலையும் மலிவாகக் கிடைக்கின்றன. சேலத்தைச் சுற்றியுள்ள சவ்வரிசி ஆலைகளிலிருந்து திப்பியும் வருகிறது. திப்பியில் மாவு மிகுதி, புரதம் மிகக் குறைவு. அதனைப் பிண்ணாக்கோடும் தாது உப்புக் கலவையோடும் கலந்து, அளவாக, பழக்கிக் கொடுத்தால் கேடில்லை. திப்பி மலிவாக வந்ததென்று கூடை கூடையாய்க் கொட்டுவது பொங்கல் சோற்றைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். பச்சைத் தோலிலும் இலையிலும் மற்றோர் ஆபத்து உண்டு. அவற்றில் மறைந்திருக்கும் சயனைடு நஞ்சைப் பெருவயிற்றின் நுண்ணுயிர்களே பிரித்து வெளிவிடுகின்றன. மாடு நிமிடக் கணக்கில் விழுந்துவிடும். நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே கொடுக்க வேண்டும். மழையின்றி வாடிய இளஞ்சோளப் பயிரிலும் இதே நஞ்சு உண்டென்பது உங்களில் முதியோர் அறிந்ததே.

பெருவயிற்றின் குடிகள் நமக்குத் தீங்கை மட்டுமா செய்கின்றன? நஞ்சை முறிப்பவையும் அவற்றுள் உண்டு. சவுண்டல் என்று நாம் சொல்லும் சூபாபுல் தழையில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதைத் தின்ற மாடுகள் மெலிந்து மயிர் உதிர்ந்தன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ அதையே தின்று நலமாய் இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய அறிஞர் இதனைக் கவனித்து, வேறுபாடு வயிற்றுப் பாக்டீரியாவில்தான் இருக்கவேண்டும் என்று கருதினார். 1980-களில் அந்த ஆடுகளின் வயிற்று நீர்மம் ஆஸ்திரேலிய மாடுகளுக்கு ஊட்டப்பட்டது. அவையும் சவுண்டலைத் தின்று தேறின. நஞ்சை முறித்த அந்தப் பாக்டீரியாவுக்கு 1992-இல் ஜோன்சின் பெயரையே சூட்டினார்கள். இதே முறையில், தீனியை மறந்துபோன நோயுற்ற பசுவுக்கு, நலமான பசுவின் வயிற்று நீர்மத்தை மருத்துவர் ஊட்டிக் குணப்படுத்துவதும் உண்டு. ஆயினும் நாம் சவுண்டலையும் அகத்தியையும் மற்றப் புல்லோடு கலந்து அளவாகக் கொடுப்பதே நலம்.

வைக்கோலைப் பற்றி ஒரு சொல். வைக்கோலில் நார் உண்டு. நாரைச் சிதைக்கும் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய தழைச்சத்து இல்லை. நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியாவை 65 லிட்டர் நீரில் முற்றும் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி, இருபத்தொரு நாள் வைத்திருந்து, பின் ஆறவிட்டுக் கொடுக்கலாம். அளவில் தவறினாலும் யூரியாத் தண்ணீரை மாடு குடித்துவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுகளுக்கு இதனைக் கொடுக்கலாகாது. முதன்முறை செய்பவர்கள் கால்நடை மருத்துவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தண்ணீர் வசதியுள்ளவர்கள் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லைப் பத்து சென்ட் நிலத்திலாவது நடலாம். மானாவாரி நிலத்துக்குக் கொழுக்கட்டைப் புல்லும், வேலியோரத்தில் வேலிமசாலும் ஏற்றவை. சோளத்தட்டையும் கேழ்வரகுத் தாளையும் கொல்லையில் எரிப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கின்றனர். கோடையில் அதே தாளை விலை கொடுத்து வாங்க அலைவதும் அவர்கள்தாம்.

ஊராட்சியார் செய்யக்கூடியவை இரண்டு உண்டு. திருமண மண்டபங்களிலும் கோயில் அன்னதானக் கூடங்களிலும் மிஞ்சிய சோற்றைப் பின்புறம் கொட்டுவது எங்கும் காணும் காட்சி. அவிழ்த்துவிட்ட மாடுகள் இரவோடு இரவாக அதனைத் தின்றுவிடுகின்றன. வாழையிலையோடு பிளாஸ்டிக் தாளும் உள்ளே போகிறது. மண்டபம் நடத்துவோரை அழைத்துப் பேசி, மூடிய தொட்டியில் போட்டு உரக்குழிக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்ய ஊராட்சிக்கு அதிகாரமும் உண்டு, கடமையும் உண்டு. வேலி போட்ட ஓர் உரக்குழி, ஒரு பசுவின் விலையில் சிறு பங்குகூட ஆகாது. மற்றொன்று, தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே ஒலிபெருக்கியில் நான்கு வரி அறிவிப்பு. மாட்டுக்குப் பொங்கல் ஊட்டாதீர்கள் என்று அறிவித்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். கேட்க வேண்டும் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கவளம் ஊட்டி வணங்குங்கள். வயிறு நிறைய வைக்கோலும் புல்லும் கொடுங்கள். மிஞ்சிய பொங்கலை எட்டாத இடத்தில் மூடி வையுங்கள். இவ்வளவு சொன்னால் போதும். விழா நாளில் வீட்டுக்கு வரும் உறவினர் ஒவ்வொருவரும் ஆளுக்கொரு பிடி ஊட்ட விரும்புவர். பத்துப் பேர் ஊட்டினால் அது பத்துப் பிடி என்பதையும் அறிவிப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு சோற்றையோ மாவையோ தின்றுவிட்டால் என் செய்வது? நோய்க்குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டா. தின்ற உடனே மாடு சுறுசுறுப்பாகத்தான் இருக்கும். பல மணி நேரம் கழித்தே சோர்வு தெரியும். உடனே மிச்சத் தீனியை அகற்றிவிட்டு, வைக்கோல் மட்டும் போட்டு, 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் கூறினால் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். வீட்டிலுள்ள ஆப்பச் சோடாவை நீரில் கரைத்துக் கொடுப்பது புளிப்பைத் தணிக்கும். ஆனால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். படுத்துவிட்ட மாட்டுக்கும் தலை நிமிர்த்த மாட்டாத மாட்டுக்கும் எதையும் வாயில் ஊற்றாதீர்கள். எண்ணெயோ கஷாயமோ மூச்சுக்குழலில் இறங்கினால் வயிற்று நோயால் சாகாத மாடு நுரையீரல் நோயால் சாகும்.

மருத்துவர் வந்ததும், மாடு என்ன தின்றது, எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதை உள்ளபடி கூறுங்கள். வீட்டு விசேஷச் சோற்றைத் தின்றுவிட்டது என்று சொல்லக் கூசி, ஒன்றும் தின்னவில்லை, திடீரெனப் படுத்துவிட்டது என்று கூறுவோர் இருக்கின்றனர். அமில நோயில் படுத்த பசுவும் பால் சுரத்தில் படுத்த பசுவும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கிடக்கும். அதிலும் பசு ஈன்று சில நாட்களே ஆகியிருந்தால் ஐயம் மிகும். ஒன்றுக்கு ஏற்ற மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாது. மிஞ்சிய தீனி இருந்தால் ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக் காட்டுங்கள்.